மோரீஸ் தீவில் ஒரு பகல்

மோரீஸ் வாழைப்பழத்தை அறியாத வீடு நம் தமிழ்நாட்டில் இராது. அந்தப் பெயருடைய தீவைக் கண்டவர்களோ வெகு சிலரே. இந்து மகா சமுத்திரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, எரிமலைகள் கக்கிய கருங்கல்லின்மேல் கரும்பு விளையும் அழகிய தீவு அது. பள்ளிக்கூட விடுமுறையில் அங்கே போயிருந்த நாங்கள், ஒரே பகலில் தென்மேற்குப் பகுதி முழுவதையும் சுற்றிக் காட்டுவதாகச் சொன்ன ஒரு மோட்டார் வண்டியை அமர்த்திக் கொண்டோம்.

வண்டி ஓட்டியவரே வழிகாட்டி. வயது ஐம்பது இருக்கலாம். நம் ஊர்க் கடைத்தெருவில் நின்றால் அவரை அன்னியர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெயரும் தமிழ்ப் பெயர்தான். பிரெஞ்சு எழுத்துக்களில் எழுதி எழுதி உருமாறிப் போயிருந்தது. ஆவலோடு தமிழில் பேச்சுக் கொடுத்தோம். அவர் புன்னகை செய்து, "மன்னிக்கவேண்டும் சார், எனக்குத் தமிழ் வராது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டில் அவர் பேசுவது, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் பாஷை. எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "தாய் பாஷையை இப்படிக் கைவிடலாமா?" என்று, ஆசிரியத் தொழிலின் வழக்கப்படி, ஒரு சிறு உபந்நியாசமும் செய்துவிட்டோம்.

அவர் பதில் சொல்லவில்லை. வண்டியைப் போர்ட் லூயி துறைமுகத்தின் பக்கம் திருப்பினார். "இது பட்டியலில் இல்லாத இடம், கால் மணி நேரம் போதும்" என்றார்.

அங்கே கண்டவை பதினாறு கற்படிகள். இடிந்த சுவர்கள் சில. வேறு வேடிக்கை ஒன்றுமில்லை. அந்த இடத்துக்கு ஆப்ரவாசி காட் என்று பெயர். 1835-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடுவதை அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தார்கள். 1834 நவம்பர் 2-ஆம் தேதி 'அட்லஸ்' என்ற கப்பலில் 36 இந்தியர்கள் வந்து இறங்கினார்கள். பிறகு கல்கத்தாவிலிருந்தும், சென்னையிலிருந்தும், பம்பாயிலிருந்தும் கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்தார்கள். மொத்தம் நாலரை லக்ஷம் பேருக்கு மேல் என்பது கணக்கு. 1849-இல் இந்தத் துறையில் கூலி டிப்போ ஏற்பட்டது. அதற்குப் பின் வந்தவர்கள் இங்கே இறங்கி, இரண்டு தினங்கள் தங்கி, தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். 2006-இல் இது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

"என் பாட்டனாரின் தகப்பனார் இந்தப் படிகளில்தான் ஏறினார்" என்றார் வழிகாட்டி. "காதில் விழுந்தபடி பெயரை யாரோ ஒரு குமாஸ்தா எழுதி வைத்தார். அதனால் சரியான பெயர் எங்களுக்குத் தெரியாது. நம்பர் மட்டும் தெரியும்." அந்தப் பழைய பதிவுப் புத்தகங்கள் மோக்கா என்னும் ஊரில் மகாத்மா காந்தி ஸ்தாபனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அங்கே போய்த் தேடி அந்த நம்பரைக் கண்டுபிடித்தாராம்.

நாங்கள் பேசாமல் வண்டியில் ஏறினோம்.

அதற்குப் பிறகு கண்ட காட்சிகளை விவரித்தால் பக்கம் போதாது. கூர்ப்பீப் நகரில், உள்ளே மரங்கள் அடர்ந்த அவிந்த எரிமலை வாய். கிராண்ட் பாஸேன் மலை ஏரியின் அருகே 108 அடி உயரச் சிவபெருமான் சிலை. 1972-இல் கங்கை ஜலம் கலக்கப்பட்ட இந்த ஏரிக்கு, மகா சிவராத்திரியின்போது லக்ஷக்கணக்கான ஜனங்கள் கால்நடையாக வருகிறார்கள். ஷாமரேல் என்ற இடத்தில் சிவப்பும் பழுப்பும் ஊதாவுமாக ஏழு நிறம் காட்டும் மண்மேடுகள். எரிமலைப் பாறை உளுத்து மண்ணாகும்போது, அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் இந்த ஜாலத்தைச் செய்கின்றனவாம்.

ஆனால் எங்கள் கண்ணை விட்டு அகலாதவை வேறு. வழியெல்லாம் கரும்பு வயல்களின் நடுவே கருங்கற்கள் கோபுரம்போல் குவிந்து கிடந்தன. "இவை யார் கட்டியவை?" என்று எங்கள் மகள் கேட்டாள். யாரும் கட்டவில்லை. கரும்பு நடுவதற்காக, நிலத்தில் நிறைந்திருந்த கற்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிக் குவித்தவை. முதலில் அடிமைகள், பின்னர் நம்மவர்கள்.

மாலையில் தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் குன்று தெரிந்தது. கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் இதன் உயரம் 556 மீட்டர். தப்பியோடிய அடிமைகள் இதன் உச்சியில் ஒளிந்து வாழ்ந்தார்கள். விடுதலைச் செய்தி சொல்ல வந்த சிப்பாய்களைப் பிடிக்க வந்தவர்களென்று எண்ணி, பலர் கீழே குதித்து மாண்டார்கள் என்பது கர்ண பரம்பரைக் கதை. வழிகாட்டி அதைத் தம் சொந்த முன்னோர் கதையைப்போலவே சொன்னார்.

திரும்பும் வழியில் தமரின் ஊரின் பழைய உப்பளங்களைக் காட்டி, "காந்தி உப்பெடுக்கப் புறப்பட்டது எந்தத் தேதி?" என்று எங்களையே பரீக்ஷை செய்தார். 1930 மார்ச் 12 என்றோம். அந்தத் தண்டி யாத்திரையின் ஞாபகமாகவே 1968 மார்ச் 12-ஆம் தேதியைத் தங்கள் சுதந்திர தினமாகத் தேர்ந்ததாகச் சொன்னார். காந்தியடிகள் 1901-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் இங்கே தங்கி, குழந்தைகளைப் படிக்க வையுங்கள், அரசியலில் பங்கு கொள்ளுங்கள் என்று புத்தி சொன்னதை அந்த ஜனங்கள் மறக்கவில்லை.

இரவு விடுதி வாசலில் பணம் கொடுத்தோம். அவர் ஒரு நூறு ரூபாய் நோட்டைத் தனியே எடுத்து விளக்கடியில் பிடித்தார். அதில் தமிழ் எழுத்து!

"1998-இல் புது நோட்டு அச்சிட்டபோது, தமிழுக்கு இருந்த இடத்தை மாற்றி ஹிந்திக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். எங்கள் ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள். அரசாங்கம் அந்த நோட்டுகளை வாபஸ் வாங்கிற்று. நானும் ஊர்வலத்தில் போனேன் சார். ஆனால் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. என் மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறாள். நீங்கள் ஒரு தரம் படித்துக் காட்டுங்கள்."

"நூறு ரூபாய்" என்று படித்தோம். குரல் சற்றுத் தழுதழுத்தது. அவர் இரண்டு தரம் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார்.

காலையில் நாங்கள் செய்த உபந்நியாசம் அப்போது ஞாபகம் வந்தது. தாம் படிக்க அறியாத எழுத்துக்காக வீதியில் இறங்கினார் அவர். தமிழ்நாட்டிலேயே பிறந்து, தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக் கூட்டியும் படிக்க அறியாத குழந்தைகள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! எங்கள் வகுப்பிலேயே சிலர் உண்டு. அந்த உபந்நியாசத்தை இனி அவர்கள் வீட்டில்தான் செய்யவேண்டும்.

மோரீஸுக்குப் போகும் நேயர்கள் ஏழு நிற மண்ணை அவசியம் பார்க்கட்டும். அதற்கு முன்னால், பட்டியலில் இல்லாவிட்டாலும், அந்தப் பதினாறு படிகளைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.