மாவிலை போன்ற இலையுடைய கருவாலி

எமது கல்லூரியில் தாவரவியல் பயின்ற நாட்களில், இலங்கையில் ஒருவரும் கண்டிராத மரமொன்றின் இலையைப் பலமுறை வரைந்திருக்கின்றோம். ஓரத்தில் அலையலையான மடல்களுடைய அந்த இலை இங்கிலாந்துக் கருவாலிக்குரியது. கருவாலி குளிர்நாட்டு மரம் என்பதே அக்காலத்தில் எம் மனத்திற் பதிந்திருந்த எண்ணம். முற்றத்து வேம்பையும் வேலிக் கிளுவையையும் விட்டு அதனை ஏன் வரைந்தோமென்று இன்றும் வியக்கின்றேன்.

பல ஆண்டுகளின் பின், தென்னமெரிக்காவிலே கொலம்பியா நாட்டின் இகுவாக்கே மலைச்சாரலில், மத்தியகோட்டுக்கு வடக்கே ஆறு பாகைக்குள்ளாக, ஒரு கருவாலிக் காட்டினுள் நடக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே மடல் இலையைத் தேடினால் கிடையாது. நீண்டு கூரிய, ஓரம் வெட்டில்லாத இலைகள் கிளை நுனிகளில் நெருங்கி நிற்கின்றன. தூரத்திலிருந்து நோக்கின் நம் மாமரமோ என ஐயுறலாம். ஆனால் நிலத்திற் கிடந்த கொட்டையோ செதிற்கிண்ணத்துள் அமர்ந்த உண்மையான கருவாலிக் கொட்டையே. ஆண்பூக்கள் மெல்லிய சரங்களாய்த் தொங்கிக் காற்றிலே மகரந்தத்தை விடுகின்றன. பட்டை முழுவதும் பாசியும் ஓக்கிட்டுகளும் படர்ந்திருந்தன. மரம் என்றும் பசியது. 25 மீற்றர் வரை உயரும்.

1801 ஆம் ஆண்டு அந்நாட்டிற் பயணஞ்செய்த ஹம்போல்ற் என்னும் அறிஞரின் பெயரை அவருடைய தோழர் பொன்பிளாந்து இம்மரத்துக்குச் சூட்டினார். குவேர்க்கசு சாதியில் நூற்றுக்கணக்கான இனங்கள் உளவெனினும் தென்னமெரிக்காவில் இயற்கையாக வளர்வது இவ்வொன்றே. இவ்வினம் அங்கே எவ்வாறு வந்தது?

கருவாலிக் கொட்டை காய்ந்தால் உயிரிழக்கும். பாரமானதாகையாற் காற்றிலும் பறவாது. கொறிவிலங்குகளும் பறவைகளும் புதைத்து மறந்தவையே முளைக்கின்றன. எனவே அதற்குத் தொடர்ந்த நிலமும் ஈரமும் வேண்டும். ஏறத்தாழ 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமாப் பூசந்தி இணைந்த பின்னரே தெற்கே வழி திறந்தது. பொகோற்றா மேட்டுநிலத்தின் பழைய ஏரிப்படிவுகளிற் புதைந்த மகரந்தமணிகளை ஆராய்ந்தோர், வழி திறந்து மிக நெடுங்காலம் சென்றபின், சில இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே கருவாலி அங்கு சேர்ந்ததாகக் கண்டனர். என்ன பொறுமையான பயணம்!

அது தனித்தும் வரவில்லை. கருவாலி வேர்நுனிகளைச் சில பங்கசுகள் உறைபோற் சூழ்ந்து மண்ணின் உப்புக்களை ஊட்டி, மரத்திடமிருந்து வெல்லம் பெறுகின்றன. கொலம்பியாவின் கருவாலி நிழலில் முளைக்கும் காளான்கள் பல, வட அமெரிக்கக் காளான்களின் சுற்றத்தார். சீதனத்தோடு வந்த மணமகள் என்றே சொல்லத் தோன்றுகின்றது.

நம் நாட்டில் ஏன் இல்லை என மாணவத் தம்பிமார் வினவக்கூடும். இமயத்திற் கருவாலி உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாய் இல்லை. ஆனால் அதே இமயத்தின் செம்மலர் றோடோடென்றன், நீலகிரியிலும் நம் ஓட்டன் சமவெளியிலும் பூக்கின்றது. றோடோடென்றனின் விதை தூசிபோல் நுண்ணியது. இடையிலுள்ள வறண்ட சமவெளியைப் பாரக்கொட்டை தாண்டவில்லை என்பதே என் கருத்து.

இத்தனை தூரம் வந்த மரத்தைக் கொலம்பிய மக்கள் கரிக்காகவும், வீட்டுத் தூணுக்காகவும், புகையிரதப் பாதையின் சிலிப்பர்க் கட்டைக்காகவும் வெட்டித் தள்ளினர். 2006 ஆம் ஆண்டு அரசாங்கம் அதனை வெட்டுவதற்குத் தடை விதித்தது. நான் கண்ட சாரலில் ஒருபக்கம் மேய்ச்சல் நிலம், மறுபக்கம் காடு. எல்லையோரத்தே வெட்டுண்ட அடிமரங்கள் சில புதுத்துளிர் விட்டிருந்தன. துளிரின் நிறம் மாந்தளிரைப் போலச் சிவப்பு.