கயிறு பத்தாமல் இல்லை



போன மாதம் ராமேஸ்வரத்திலிருந்து அண்ணனின் ஜீப் புறப்பட்ட படத்தை இங்கே போட்டிருந்தேன். கண் கலங்கியதாக நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். அந்தப் படம் எடுத்த அரை மணி நேரத்தில் பாம்பன் பாலத்தின் மேல் நடந்ததை நான் எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். நேற்று இன்னொரு மாணவர் போன் செய்தார். பழைய ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறாராம், டிரெய்லரில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோகப் போகிறாராம். இனியும் சொல்லாமல் இருந்தால் அது பாவம். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெரியப்பா மகன்தான் அந்த அண்ணன். தனுஷ்கோடிக்குச் சரியான சாலை இல்லாத காலத்தில் முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் மணலும் சேறும் கடல் தண்ணீரும்தான். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு அண்ணன் அந்த மணலில் போவார். மணலில் இறங்குவதற்கு முன் டயர் காற்றை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிடுவார். "டயர் பரந்தாத்தாண்டா மணல் தாங்கும்" என்பார். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்று நான் கரும்பலகையில் எழுதியதை அவர் காலால் மிதித்துத் தெரிந்து வைத்திருந்தார்.

2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சாலை திறந்தார்கள். ஊருக்கு நல்லது. ஆனால் ஜீப்புக்கு வேலை குறைந்தது. அண்ணனுக்கும் உடம்பு தளர்ந்தது. அவர் போன பிறகு வண்டி வீட்டுப் பக்கத்துச் சந்தில், காற்று இறங்கிய டயரோடு, உப்புக்காற்றில் கிடந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் என் மாணவன் ஒருவன், ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், அதை வாங்கிப் புதுப்பிக்க ஆசைப்பட்டான். மதினி யோசித்து, "ஓட்டுறவன் கையில இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டார்.

சொந்தப் பிக்கப் வண்டியும், இரண்டு சக்கரம் வைத்த தட்டையான டிரெய்லரும் கொண்டு வந்தான். ஜீப் சந்துக்குள் மூக்கை நுழைத்து நின்றதால் பின்பக்கமாகத்தான் வெளியே இழுக்க முடிந்தது. அப்படியே பின்பக்கம் முன்னால் வரும்படி டிரெய்லரில் ஏற்றிவிட்டார்கள். அதாவது இன்ஜின் டிரெய்லரின் வால் பக்கம் போய்விட்டது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து அறுந்திருந்தது. தள்ளுவதற்காக நியூட்ரலில் போட்ட கியரை யாரும் மாற்றவில்லை. பானெட்டுக்கு மேலே ஒரு நைலான் கயிறு, சீட்டுக்குப் பின்னால் ஒரு கயிறு. இரண்டையும் குறுக்கே போட்டு நேர்கீழாக இழுத்துக் கட்டினார்கள். ராட்செட் பெல்ட்டுகள் பெட்டிக்குள் பிரிக்காமலே கிடந்தன.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். டிரெய்லரின் கொக்கிப் பக்கம் லேசாக மேலே தூக்குவது தெரிந்தது. மனதில் உறுத்தியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பெரிய கம்பெனி நடத்துகிறவன், ஆட்களோடு வந்திருக்கிறான், ரிட்டயர்ட் வாத்தியார் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்று நினைத்தேன். நிலைமத்தைப் பற்றி வருஷம் தவறாமல் பாடம் நடத்தியவன் நான். பஸ் பிரேக் போட்டால் நிற்பவர் ஏன் முன்னால் விழுகிறார் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

ஆனி மாதம். தங்கச்சிமடம் தாண்டும்போதே தெற்குக் காற்று பலமாக இருந்தது. பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகி ரயில் நின்றுவிடும். பக்கத்துச் சாலையில் போகிறவனுக்கு அவன் புத்திதான் சிக்னல். 1988-ல் சாலைப் பாலம் திறக்கும் வரை இந்தத் தீவுக்கு எந்த மோட்டார் வண்டியும் ரயிலிலோ படகிலோ ஏறித்தான் வர வேண்டும். இன்று பாலத்தில் ஏறுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் ஏறிவிடுகிறோம்.

பாலத்தின் ஏற்றம் முடிந்து இறக்கத்தில் வேகம் ஐம்பதை நெருங்கியதும் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு பிக்கப்பையே இழுத்து ஆட்டும் அளவுக்கு. அதே நேரம் முன்னால் போன கார், கடலைப் படம் எடுக்க நடுப்பாலத்தில் நின்றது. இவன் பிரேக்கை மிதித்தான். பின்னால் 'தடால்' என்று சத்தம். ஜீப் ஒரு முழம் நகர்ந்து வந்து டிரெய்லரின் முன்தடுப்பில் மோதியது. டிரெய்லர் வலது பக்கம் எதிர்த்தடத்துக்குள் வளைந்தது. எதிரே வந்த பஸ் ஒரு கை அகல இடைவெளியில் எங்களைக் கடந்து போனது. அந்தப் பஸ்ஸின் ஜன்னலில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நடக்கிற வேகத்தில் மண்டபம் பக்கம் இறங்கி ஒரு வெட்டவெளியில் நிறுத்தினோம். அங்கே படகு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். புயல் எச்சரிக்கை வந்தால் ஃபைபர் படகுகளை டிரெய்லரில் கட்டி மேட்டுக்குக் கொண்டுபோகிறவர். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கயிறு பத்தாம இல்ல சார். கட்டுன தெசைதான் சரியில்ல. ரெண்டு கயிறும் கீழேயே இழுக்குது. முன்னாடி போகாதேன்னு எந்தக் கயிறு சொல்லுது?"

இதற்கு மேல் என்ன பாடம் வேண்டும்? அவரும் அவருடைய ஆட்களும் சேர்ந்து வண்டியை இறக்கி மறுபடி ஏற்றியதை அப்படியே சொல்கிறேன். டிரெய்லர் இழுக்கும் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் எடை. இன்ஜின் பக்கம் முன்னால் வரும்படி ஜீப்பைத் திருப்பி ஏற்றினோம். மொத்தச் சுமையில் பாதிக்குமேல், ஏறக்குறைய அறுபது சதவீதம், டிரெய்லர் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். டிரெய்லரும் சுமையும் சேர்ந்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் அழுந்த வேண்டும். வால் கனத்தால் டிரெய்லர் ஆடத்தான் செய்யும். ஆட ஆரம்பித்துவிட்டால் சடாரென்று பிரேக் போடாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது திசை. நான்கு மூலைக்கும் நான்கு பெல்ட். முன் அச்சிலிருந்து இரண்டு முன்னோக்கி, பின் அச்சிலிருந்து இரண்டு பின்னோக்கி, எல்லாம் சாய்வாக. பின்னோக்கி இழுக்கும் பெல்ட்தான் பிரேக் போடும்போது வண்டியைப் பிடித்து நிறுத்தும். பின் பெல்ட்டுகளைக் குறுக்காகப் போட்டால் பக்கவாட்டிலும் நகராது. சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பிய, அமெரிக்க விதிகள், கட்டு முன்பக்கம் சுமையின் எடையில் 0.8 பங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கின்றன. பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் 0.5 பங்கு. ஜீப் ஒன்றேகால் டன் என்றால் முன்பக்கம் மட்டும் ஒரு டன் இழுப்பு. இதைத் துணி காயப்போடும் கயிறு தாங்குமா?

மூன்றாவது, கட்டும் இடம். பம்பரில் கட்டவே கூடாது. உப்பு தின்ற பம்பர் கையோடு வந்துவிடும். அச்சில் கட்டினால் ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடினாலும் கட்டு தளராது. பிரேக் குழாயில் பெல்ட் படக்கூடாது. கூரான விளிம்பில் உரசும் இடத்தில் பழைய டியூப் துண்டு வைக்க வேண்டும். கியரைப் போட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலியும் குறுக்காக மாட்ட வேண்டும்.

எல்லாம் முடித்துப் புறப்பட்டோம். "உச்சிப்புளில நிறுத்திப் பாருங்க" என்று பெரியவர் சொல்லி அனுப்பினார். நிறுத்திப் பார்த்தால் இரண்டு பெல்ட் தளர்ந்திருந்தன! காற்றில்லாத டயர் ஓட்டத்தில் இன்னும் அமுங்கிவிட்டது. மணலில் அண்ணனுக்கு உதவிய அதே தந்திரம் இங்கே எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. அங்கேயே காற்று ஏற்றி மறுபடி இறுக்கினோம். கிளம்பிய 80 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை கட்டைச் சரிபார்க்க வேண்டும் என்பது அமெரிக்க லாரிகளுக்கு விதி. நம் ஊர்ச் சாலைக்கு முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரிலேயே நிறுத்திப் பாருங்கள்.

ராமநாதபுரத்தில் நான் இறங்கும்போது அந்த மாணவன், "சார், காலையிலேயே உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டான். "கொக்கி தூக்குறது தெரிஞ்சுது" என்றேன். "அப்ப சொல்லியிருக்கலாமே சார். நீங்க திட்டுனா நான் கேட்டிருப்பேனே" என்றான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

பிள்ளைகளே, உங்களில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, தப்பு என்று எனக்குப் பட்டால் இனிமேல் வாயைத் திறந்து சொல்லிவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சொன்னால் ஒரு நிமிடம் முகம் கோணும், அவ்வளவுதான்.

அன்று இரவு மதினி போனில் கேட்டார்: "வண்டி பத்திரமாப் போய்ச் சேர்ந்துச்சா தம்பி?" சேர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். மதினி, மீதியை இப்போது சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

தேனிக்குப் போகிற தம்பி, ஏற்றிக் கட்டியதும் நான்கு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு கிளம்பு.