மாநகர் நடுவே ஒரு முட்காடு

காடு என்றதும் நீலகிரியில் வாழும் நம் கண்முன் எழுபவை ஓங்கி வளர்ந்த மரங்களும், மேகம் தவழும் சரிவுகளும், சோலைக்குள்ளிருந்து கசிந்து வரும் குளிர்ந்த ஓடையுமே. சமவெளியில், அதுவும் சென்னை போன்ற ஒரு மாநகரின் நடுவில், காடு உண்டென்று சொன்னால் நம்மில் பலர் நம்பத் தயங்குவர். ஏதோ ஒரு பூங்காவைத்தான் அப்படி அழைக்கிறார்கள் என்று நினைப்பர். ஆனால் அப்படி ஒரு காடு உண்டு. அது நீரூற்றும் விளக்கும் மலர்ப்பாத்தியும் நிறைந்த பூங்கா அன்று. நரி ஊளையிடுவதும், முள் உடையைக் கிழிப்பதும், நட்சத்திர ஆமை தன் போக்கில் ஊர்ந்து செல்வதுமாகிய மெய்யான காடு. கிண்டி தேசியப் பூங்கா என்பது அதன் பெயர்.

அதன் பரப்பு ஏறத்தாழ 270 எக்டேர். அதாவது மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. இந்திய நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்று அது. நம் மாவட்டத்து முக்குருத்தி தேசியப் பூங்கா 78 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. மும்பை மாநகரின் எல்லைக்குள் சிறுத்தைகள் உலவும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவோ நூறு சதுர கிலோமீட்டரைத் தாண்டும். இவற்றின் அருகில் வைத்துப் பார்த்தால் கிண்டி ஒரு கைப்பிடி அளவே. எனினும் அந்தக் கைப்பிடிக் காடு நமக்குச் சொல்லும் பாடம் சிறியதன்று.

நம் லவ்டேலிலிருந்து பிழைப்பை நாடிச் சென்னைக்குச் சென்ற குடும்பங்கள் சில வேளச்சேரிப் பக்கம் குடியிருக்கின்றன. அவர்களைக் காண்பதற்காகச் சென்ற தை மாதம் மலையிலிருந்து இறங்கினேன். இரவில் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி விரைவு வண்டி ஏறினால் மறுநாள் காலையில் சென்னை வந்துவிடுகிறது. அக்குடும்பம் ஒன்றின் பிள்ளைகள் இருவர், அண்ணனும் தங்கையும், எனக்கு வழித்துணையாயினர். கிண்டிக் காட்டின் உட்பகுதி எவரும் நினைத்தபோது நுழையத்தக்க இடமன்று. வனத்துறையின் அனுமதி பெறவேண்டும். அதை முன்னதாகவே பெற்றிருந்தோம். வனக் காவலர் ஒருவரும் உடன் வந்தார்.

சின்னமலையின் அண்டையில்

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இவ்விடம் முற்றிலும் அறியாத இடமன்று. திருத்தூதர் புனித தோமையார் மறைந்திருந்ததாக மரபு கூறும் குகையைத் தரிசிக்கச் சின்னமலைக்குச் செல்லும் நம்மவர் பலர். 1551ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் அங்கே ஓர் ஆலயம் எழுப்பினர். அத்திருத்தலத்திலிருந்து காடு வெகுதொலைவில் இல்லை. சர்தார் பட்டேல் சாலையில் பேருந்தில் போகிறவர்கள் காந்தி மண்டபத்தையும், சிறுவர் பூங்காவையும், 1972இல் அங்கே அமைந்த பாம்புப் பண்ணையையும் பார்த்திருப்பர். அவற்றின் பின்னே பச்சை அடர்ந்து நிற்பதே நாம் பேசும் காடு. ஆண்டுதோறும் அதன் ஓரமாகச் சென்று திரும்பியும் அதைக் காடென்று அறியாதவர் நம்மில் பலர் உண்டு.

உள்ளே நூறு அடி நடந்ததும் ஒலி மாறியது. சாலையின் இரைச்சல் முழுவதும் மறையவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களும் தலைக்குமேல் முழங்கிச் சென்றன. ஆயினும் அந்த இரைச்சலின் இடையிடையே குக்குறுவானின் ஒரே சீரான குரலும், சருகில் கீரி ஓடும் ஒலியும் காதில் விழுந்தன. புள்ளிமான் கூட்டமொன்று தலை நிமிர்த்தி எங்களை நோக்கிவிட்டு மீண்டும் மேய்ந்தது.

பையனுக்கு மட்டும் மனநிறைவு உண்டாகவில்லை. அவன் ஒவ்வொரு மே மாதமும் லவ்டேலில் பாட்டி வீட்டில் விடுமுறையைக் கழிப்பவன்.

"சாமி, இது காடா? எல்லாம் குட்டை மரமாக இருக்கிறதே! பாட்டி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கற்பூர மரம் எவ்வளவு உயரம்!" என்றான்.

வனக் காவலர் நகைத்தார். "தம்பி, உயரத்தை வைத்துக் காட்டை அளக்கக்கூடாது. இங்கே நிற்கும் விளா, வேம்பு, களா, காட்டெலுமிச்சை எதையும் யாரும் கொண்டுவந்து நடவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்தவை. உன் பாட்டி ஊர்க் கற்பூர மரம் எங்கிருந்து வந்தது, ஃபாதரைக் கேள்" என்றார்.

அவர் கூறியதன் பொருளை நாம் சற்று விரிவாகக் காண்போம்.

இரு காடுகள்

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய பகுதிக்கே உரியது உலர் பசுமைமாறாக் காடு என்னும் வகை. அங்கே மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கிறது. அதன் பின்னர் நீண்ட வெயில். அந்த வெயிலைத் தாங்கும்பொருட்டு இம்மரங்கள் உயரத்தை நாடாமல் குட்டையாகப் படர்ந்து, தடித்த சிற்றிலைகளைத் தாங்கி, கோடையிலும் இலையுதிர்க்காமல் நிற்கின்றன. ஒருகாலத்தில் கடற்கரை நெடுகப் பரவியிருந்த இவ்வகைக் காடு இன்று துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது. கோடிக்கரையிலும், புதுச்சேரி, விழுப்புரம், புதுக்கோட்டைப் பகுதிகளின் சில கோயில் காடுகளிலும் அதைக் காணலாம். கிண்டி அவ்வாறு எஞ்சிய துண்டுகளுள் ஒன்று. இச்சிறு பரப்பில் 350க்கும் மேற்பட்ட தாவர வகைகளும் 130க்கும் மேற்பட்ட பறவை வகைகளும் கணக்கிடப்பட்டுள்ளன.

இனி நம் மலையை நோக்குவோம். லவ்டேல் நிலையத்தில் இறங்கும் பயணிகள், "எத்தகைய காடு!" என்று வியந்து நிற்பது பெரும்பாலும் கற்பூர மரங்களையும் சீகை மரங்களையும் பார்த்தே. இவ்விரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்டவை. நீலகிரியின் மேட்டு நிலத்துக்கு இயல்பாய் அமைந்தவை புல்வெளியும், பள்ளங்களில் ஒதுங்கி வளரும் சோலையுமே. புல்வெளி மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சும். சோலை அதைச் சிறிது சிறிதாக ஓடைக்கு விடும். விறகு வேண்டுமென்று கற்பூர மரம் நட்டார்கள். தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று சீகை நட்டார்கள். ஏழைகளுக்கு வேலையும் நாட்டுக்கு வருவாயும் வேண்டுமென்று தேயிலை நட்டார்கள். இவ்வாறு மலை பச்சையாகவே இருக்க, சோலையும் புல்வெளியும் குறைந்துபோயின.

தேயிலையால் வாழும் குடும்பங்களே நம் பங்கில் மிகுதி. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வாழ்வளிக்கத் தொடங்கப்பட்ட அரசுத் தோட்டங்களும் நம் மலையில் உண்டு. அவ்வாழ்வைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. பச்சையாய் இருப்பதெல்லாம் காடாகிவிடாது என்பதை மட்டும் நாம் அறிந்திருக்க வேண்டும். நெடிதோங்கிய கற்பூர மரத்தோப்பு நட்டு வளர்த்த பண்ணை. குட்டையான கிண்டி முட்புதரோ காடு.

நல்ல காரியங்களின் கதை

இக்காடு எவ்வாறு எஞ்சியது? பதினேழாம் நூற்றாண்டிலேயே சென்னை ஆளுநர்கள் இப்பகுதியில் ஓய்வு மாளிகை ஒன்றை அமைத்துக்கொண்டனர். 1821இல் அரசு இந்நிலத்தைத் தனியார் ஒருவரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு வாங்கியது. ஆளுநரின் வேட்டைக்காடாக இருந்தமையால் பிறர் கோடரி அங்கே நுழையவில்லை. 1910இல் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது பரப்பு ஏறத்தாழ 505 எக்டேர். இன்றைய தேசியப் பூங்கா அதில் பாதியைச் சற்றே தாண்டும்.

மீதி எங்கே போயிற்று? எந்தத் திருடனும் எடுத்துப் போகவில்லை. 1959இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஒரு பகுதி சென்றது. நாட்டின் தலைசிறந்த கல்விக்கூடங்களுள் ஒன்று அது; தன் வளாகத்து மரங்களையும் மான்களையும் இயன்றவரை காத்தும் வருகிறது. காந்தியடிகளுக்கு மண்டபம் எழுந்தது. 1970களில் இராஜாஜிக்கும் காமராசருக்கும் நினைவாலயங்கள் எழுந்தன. குழந்தைகள் களிப்பதற்குப் பூங்கா அமைந்தது. இவற்றுள் எதைத் தீய காரியம் என்று சொல்வோம்? ஒன்றையும் சொல்ல இயலாது. அதுவே இக்கதையில் நாம் நின்று சிந்திக்கவேண்டிய இடம்.

காடு பேராசைக்காரர்களால் மட்டும் அழிகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கள்ள மரம் வெட்டுகிறவனைக் குறைசொல்வது எளிது. ஆனால் கல்விக்காக ஒரு துண்டு, நினைவுக்காக ஒரு துண்டு, சாலைக்காக ஒரு துண்டு என்று நல்ல காரியங்களின் பெயராலும் காடு தேய்கிறது. ஒவ்வொரு முறையும் கேட்பவர் நல்லவர். கேட்கப்படும் துண்டு சிறியது. மறுப்பவரே கல்நெஞ்சராகத் தோன்றுவார். 1977இல் எஞ்சிய பகுதி வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. "இதற்குமேல் ஒரு துண்டும் இல்லை" என்று சட்டம் கோடு கிழித்த பின்னரே தேய்வது நின்றது. கடல் கடந்து நம் தமிழர் வாழும் சிங்கப்பூரிலும் இதுவே நிகழ்ந்தது. நிலம் பொன்னினும் அரிதான அந்நாட்டில், 1883இல் காப்புக்காடாக்கப்பட்ட புக்கித் தீமா இன்றும் 160 எக்டேருக்கு மேற்பட்ட மழைக்காடாக நிற்கிறதென்றால், அங்கே கிழித்த கோட்டைப் பெருமளவு காத்ததே காரணம்.

மாநகருக்கு அது என்ன தருகிறது?

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்ததும், வேளச்சேரித் தெருக்களில் படகு ஓடியதும் நமக்கு நினைவிருக்கும். நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே நகரின் ஏரிகள் வறண்டு மக்கள் குடத்துடன் வரிசையில் நின்றனர். வானம் தந்ததைத் தேக்கிக்கொள்ள இடமில்லாத நகரம் ஓராண்டு மூழ்கும், ஓராண்டு வாடும். சிமெண்டு பூசிய தரையில் விழும் மழை ஓடிவிடுகிறது. சருகும் வேரும் மூடிய தரையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்குகிறது. கிண்டிக் காட்டின் தரை அத்தகையது. அதன் குளங்களும் அம்மழையைத் தாங்கி நிற்பவை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபோது, நகரின் தெருவோரங்களில் அழகுக்காக வளர்த்த குல்மோகர் போன்ற அயல்நாட்டு மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. கிண்டியும் பல மரங்களை இழந்தது. ஆனால் அங்கே விழுந்த மரத்தை எவரும் மீண்டும் நடவேண்டியதில்லை. விதை மண்ணில் உண்டு. அதைப் பரப்பப் பறவையும் மரநாயும் உண்டு. காவலர் எங்களுக்குச் சாய்ந்து கிடந்த அடிமரம் ஒன்றைக் காட்டினார். கறையான் அரித்த அதன் பக்கத்திலேயே வேப்பங்கன்றுகள் தலைகாட்டியிருந்தன.

சிறுமி கேட்ட கேள்வி ஒன்றையும் சொல்லவேண்டும். "சாமி, கறுப்பு மான் எங்கே?" என்றாள். வெளிமான் என்பது அதன் தமிழ்ப் பெயர். திறந்த வெளியில் வாழ்வதால் அப்பெயர் பெற்றது என்று கொள்ளலாம். ஓடுவதே அதற்குப் பாதுகாப்பு. புதர் அடர்ந்தால் அதற்கு வாழ்வில்லை. மரம் நடுவதெல்லாம் அறம் என்று புல்வெளியில் மரத்தை நட்டால் வெளிமானின் வீட்டை நாம் அடைத்துவிடுகிறோம். நம் மலையின் வரையாட்டுக்கும் இதே நிலைதான். நெடுநேரம் காத்திருந்த பின்னர், முறுக்கிய கொம்புடன் ஓர் ஆண்மான் புல்திடலின் ஓரத்தில் தென்பட்டது. பிள்ளைகள் இருவரும் மூச்சடக்கி நின்றனர். வேறு எதற்கும் அவர்கள் அப்படி வாய்மூடி நின்றதை நான் கண்டதில்லை.

அந்த மானின் வாழ்வு இன்றும் இடுக்கண் நிறைந்ததே. சுற்றுமதில் அதைக் காக்கிறது. வேறு மந்தையோடு கலக்கவிடாமல் அடைத்தும் வைக்கிறது. இறந்துபோன மான்களின் வயிற்றை அறுத்துப் பார்க்கையில் பிளாஸ்டிக் பைகள் திரளாக வெளிப்பட்டதுண்டு. அன்போடு தின்பண்டம் வீசுகிற கையே அந்தப் பையையும் வீசுகிறது.

அடுத்த முறை சின்னமலைக்கோ பரங்கிமலைக்கோ திருயாத்திரை செல்லும் குடும்பங்கள் ஒரு முற்பகலைக் கிண்டிக்கு ஒதுக்கலாம். உள்காட்டுக்கு அனுமதி கிடைக்காவிடினும், 2024இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட சிறுவர் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். தின்பண்டப் பைகளை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அங்கே நிற்கும் மரங்களில் நான்கின் பெயரையாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மலைக்குத் திரும்பிய பின்னர் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. நம் ஊரிலும் ஒரு மண்டபத்துக்காகவோ, வாகனம் நிறுத்தும் இடத்துக்காகவோ, ஏன், ஓர் ஆலய விரிவாக்கத்துக்காகவோகூட, சோலையின் ஓரத்துண்டு ஒன்றை யாரேனும் கேட்கக்கூடும். கேட்பவர் நல்லவராயிருப்பார், காரியமும் நல்லதாயிருக்கும். அந்த நாளில் நம் பங்குக் கூட்டத்தில் ஒருவராவது எழுந்து, "இதற்கு வேறிடம் பார்ப்போமே" என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்வதற்கு நாம் இப்போதே ஆயத்தமாயிருப்போம்.