மல்லி அழுமோ?

எங்கள் வீட்டுச் சின்னவனுக்கு வருகிற ஆடியில் மூன்று வயது முடிகிறது. வவுனியாவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பம் இருக்கிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகும் நாட்களில் அவனைப் பார்த்துக்கொள்பவர் அந்த வீட்டு ஆச்சி. பாட்டியை ஆச்சி என்று அழைக்கும் வழக்கம் அவர்களிடமும் உண்டு, எங்களிடமும் உண்டு. ஆகவே அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதில் சிக்கல் வரவில்லை. சிக்கலெல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பகலில் சிங்களம், பின்னேரம் வீட்டுக்கு வந்தால் தமிழ். என் அம்மா கிளிநொச்சியில் தோட்டமும் மாடுமாக இருப்பவர். மாதத்தில் ஒரு கிழமை எங்களோடு வந்து நிற்பார். அவருக்குச் சிங்களம் தெரியாது. பேரன் பேசத் தொடங்கியபோது அகப்பட்டுக்கொண்டவர் அவர்தான்.

முதலில் வந்தது சாப்பாட்டுச் சண்டை. சிங்களத்தில் 'எபா' என்றால் வேண்டாம். அம்மா சோற்றைப் பருப்போடு குழைத்து ஒரு வாய் நீட்டினார்.

"எபா" என்றான்.

"எப்பவோ? இப்பதான் ராசா. ஆ காட்டு."

"எபா!"

"இப்பதான் எண்டு சொல்லுறன் எல்லே!"

"என்ன பிள்ளையடி இது? எப்ப எப்ப எண்டு கேக்குது, வாயைத் திறக்குதில்லை" என்று அம்மா என்னிடம் முறையிட்டார். நான் விளக்கிச் சொன்னதும், கையிலிருந்த கவளத்தைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

அடுத்தது 'தாத்தா'. சிங்களத்தில் அது தகப்பன். ஆச்சியின் பேரப்பிள்ளை தன் தகப்பனை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டிருந்த எங்கள் சின்னவன், வேலையால் வந்த என் கணவரைக் கண்டதும் "தாத்தா!" என்று கையை விரித்துக்கொண்டு ஓடினான். படலையடியில் நாலு பேர் நின்றார்கள். முப்பத்தாறு வயது மனிதர் அன்று இரவு கண்ணாடிக்கு முன்னால் நின்று நரைமுடி தேடினார்.

எல்லாவற்றிலும் பெரியது 'மல்லி'. சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. ஆச்சியின் மருமகளுக்கு இரண்டாவது ஆண்பிள்ளை பிறந்திருந்த நேரம்.

"அம்மம்மா, ஆச்சி வீட்டில மல்லி அழுறான்."

"மல்லி அழுமோடா? வெங்காயம் உரிச்சால் நாங்கள்தான் அழுறது."

"மல்லி பால் குடிக்கிறான்."

அம்மா குசினிக்குள் போய்க் கொத்தமல்லிப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். அவன் அதற்குள் நன்றாக எட்டிப் பார்த்துவிட்டு, "இதில மல்லி இல்லை" என்றான். இன்றும் எங்கள் வீட்டில் ரசம் வைக்கும்போது, "தம்பியை இடிச்சாச்சோ?" என்றுதான் கேட்போம்.

ஒரு நாள் முற்றத்தில் மயில் வந்து நின்றது. சின்னவன் வாசலில் நின்று கத்தினான்.

"அம்மம்மா, என்ன!"

"என்னடா?"

"என்ன, என்ன!"

"என்ன எண்டு சொல்லன்!"

சிங்களத்தில் 'என்ன' என்றால் வாருங்கள். மயில் பறந்துவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அந்தச் சொல்லை அம்மா முதலில் கேட்டது 2009இல், எங்களை மெனிக்பாம் முகாமுக்குக் கொண்டுபோன வழியில். சீருடை போட்ட ஒருவர் கையைக் காட்டி "என்ன, என்ன" என்றார். அம்மா அசையாமல் நின்று "என்ன?" என்று கேட்டார். அவர் வரச் சொல்கிறார், இவர் என்னவென்று கேட்கிறார். அவருடைய குரல் உயர உயர அம்மாவின் கை என் கையை இறுக்கியது. பகிடி அதேதான். அன்று சிரிக்க ஒருவரும் இருக்கவில்லை.

"இந்தப் பாசையை ஏன் பிள்ளைக்குப் பழக்கிறியள்? எங்கட தமிழை மறந்துபோவான்" என்று அன்றிரவு அம்மா கேட்டார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கட்டளையாக வந்த மொழி ஒரு மனிசியின் காதில் எத்தனை வருடம் தங்கும் என்பதை அன்று அம்மாவின் முகத்தில் கண்டேன். அவருக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. பிள்ளையைத் தமிழ்க் கதை சொல்லித் தூங்கவைக்கும் வேலையை அவரிடம் கொடுத்தேன். நரியும் காகமும் அவன் நாவில் ஏறிவிட்டன.

இப்போது அவனே பிரித்துவைத்திருக்கிறான். ஆச்சி வீட்டு நாயோடு சிங்களம், எங்கள் பூனையோடு தமிழ். நான் ஒரு நாள் நாயைப் பார்த்து "போ" என்றேன். "அம்மா, அதுக்குத் தமிழ் விளங்காது" என்று சொல்லிவிட்டு, தானே "யன்ன" என்றான். நாய் போய்விட்டது.

சென்ற மாதம் நடந்ததை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். காணாமற்போன அண்ணாவைத் தேடி அம்மா எழுதிய கடிதங்களின் பிரதிகள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வருவது அவருக்குப் பழகிப்போனது. அன்றும் ஓர் அலுவலகத்திலிருந்து அப்படி ஒன்று வந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மா பேரனையும் கூட்டிக்கொண்டு வேலியடிக்குப் போனார். ஆச்சி கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, சின்னவனுக்கு மெதுவாகச் சொன்னார்.

"அம்மம்மா, உங்கட கடிதம் வந்திட்டுதாம்."

"பிறகு?"

அவன் ஆச்சியைக் கேட்டான். ஆச்சி கடிதத்தின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"வேற இல்லையாம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ர கடிதம் வந்திட்டுது எண்டு சொல்லவோ எனக்கு ஒரு கடிதம்?" அதையும் அவன் மொழிபெயர்த்தானாம். ஆச்சியும் சிரித்து, பிறகு சிரிப்பை நிறுத்தி, வேலிக்கு மேலால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். பின்னேரம் நான் வந்தபோது எங்கள் குசினியில் ஆச்சி வீட்டுப் பலாக்காய் ஒன்று இருந்தது.

எங்கள் மகளிர் குழுக்களில் தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு, இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பிவிடாதா என்று. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு பிந்துவதில்லை. சொற்களைக் கலந்து பேசுவதும் வளர்ச்சியின் ஒரு படிதான். கேலி செய்யாமல், சரியான தமிழ்ச் சொல்லை நாம் திருப்பிச் சொன்னால் போதும். இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை மட்டும் குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள். வீட்டில் தமிழை நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். தாய்மொழி உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு மற்ற மொழி இன்னொரு படலை. சொல்லப்போனால் பாணும் மேசையும் சப்பாத்தும் இரு மொழிக்கும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. நாங்கள் ஒரே பாணைத்தான் தின்கிறோம்.

ஆனால் ஒன்றை மறந்துவிட வேண்டாம். அம்மாவின் கடிதத்தை வாசித்துச் சொல்வது மூன்று வயதுப் பிள்ளையின் வேலையல்ல, பக்கத்து வீட்டு ஆச்சியின் கடமையும் அல்ல. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. வடக்கிலும் கிழக்கிலும் அதுவே நிர்வாக மொழி. எந்த அரச அலுவலகத்தோடும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. உங்களுக்கும் அப்படிக் கடிதம் வந்தால் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். தமிழில் பதில் தரும்படி எழுதிக் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவும் அப்படி எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். கடிதத்தை எழுதியது அவர் கை, நான் முகவரி மட்டும் சொன்னேன். பதில் தமிழில் வந்தால் அதை அவரே வாசிப்பார்.