இடது பக்கம் இறங்காதே!

சைக்கிளை விட்டு எந்தப் பக்கம் இறங்குவீர்கள்? யோசிக்கவே வேண்டாம், இடது பக்கம்தான். குரங்குப் பெடல் போட்ட நாளிலிருந்து நம் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். பால்காரர், போஸ்ட்மேன், தமிழ் வாத்தியார் எல்லோரும் இடது பக்கமாகவே இறங்குகிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டில் ஒரு மலைப்பாதை இருக்கிறது. அங்கே சைக்கிளை நிறுத்தி இடது பக்கம் இறங்கினால், சில இடங்களில் அடுத்துக் கால் படுவது 600 மீட்டர் கீழே! நம் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் பாதையின் விளிம்பை எட்டாது.

அரசாங்கக் கணக்கில் அதன் பெயர் வடக்கு யுங்காஸ் சாலை. ஊர்க்காரர்கள் ஸ்பானிஷில் சொல்லும் பெயருக்கு அர்த்தம், மரணப் பாதை. 1995-ல் இன்டர் அமெரிக்கன் டெவலப்மென்ட் பாங்க் இதற்கு 'உலகத்திலேயே ஆபத்தான சாலை' என்று பட்டம் கொடுத்தது. வேறு ஊராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். இங்கேயோ அடுத்த சில வருஷங்களில் வெளிநாட்டு இளைஞர்கள் 'எங்கே அந்த ரோடு, எங்கே அந்த ரோடு?' என்று சைக்கிளும் கையுமாக வந்து இறங்கிவிட்டார்கள். இன்று அது பெரிய பிஸினஸ்.

ஆபீஸ் வேலையாக சிலி நாட்டுக்குப் போனவன், பக்கத்து நாடுதானே என்று ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் இறங்கினேன். லா பாஸ் இருப்பது சுமார் 3,650 மீட்டர் உயரத்தில். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். அதற்கும் ஒரு கிலோமீட்டர் மேலே ஒரு மாநகரம்! லாட்ஜில் முதல் மாடிக்கு ஏறுவதற்குள் நாலு தடவை நின்று மூச்சு வாங்கினேன். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் முதுகில் மூட்டையோடு என்னை ஓவர்டேக் செய்து போனார்.

சைக்கிள் சவாரிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ஸிகள் தெருவுக்குப் பத்து. விலையில் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசம். ரங்கநாதன் தெருவில் பேரம் பேசிப் பழகிய மனசு, சல்லிசான கடையைத்தான் பார்க்கும். 'எல்லாம் அதே ரோடுதானே ஸார்?' என்றார் ஒரு கடைக்காரர். ரோடு அதேதான், பிரேக் அதே இல்லையே! 'சைக்கிளைக் காட்டுங்கள்' என்று கேட்டேன். சிலர், 'நாளைக் காலை மேலே போய்ப் பார்க்கலாம்' என்றார்கள். ஒரே ஒரு கடையில் உடனே பின்னறைக்குக் கூட்டிப் போய், பிரேக் கட்டையைக் கழற்றிக் காட்டி, 'தினமும் பார்க்கிறோம், தேய்ந்தால் மாற்றுகிறோம்' என்றார்கள். பணத்தை அங்கேயே கட்டினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேன். எங்கள் கோஷ்டியில் எட்டுப் பேர். எல்லோருக்கும் ஹெல்மெட், முழங்கால் கவசம், கையுறை. வேன் எங்களை லா கும்ப்ரே என்ற கணவாயில் கொண்டுபோய் விட்டது. உயரம் சுமார் 4,650 மீட்டர். சுற்றிலும் பனி. மூச்சை இழுத்தால், சென்னையில் கிடைக்கிற ஆக்ஸிஜனில் அறுபது சதவீதம்கூடக் கிடைக்காது. இங்கிருந்து சுமார் 64 கிலோமீட்டர் இறக்கம். முடிகிற இடமான யோலோஸா கிராமம் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரே காலைப் பொழுதில் கிட்டத்தட்ட மூன்றரை கிலோமீட்டர் செங்குத்தாகக் கீழே இறங்குகிறோம்!

கைடு ஒரு சின்னப் புட்டியைத் திறந்தார். உள்ளே சாராயம். முதலில் பூமிக்குக் கொஞ்சம், சைக்கிளின் முன் சக்கரத்துக்குக் கொஞ்சம், கடைசியாக ஆளுக்கு ஒரு சொட்டு. ஆண்டிஸ் மலை மக்களுக்கு பூமித்தாய்தான் பெரிய சாமி. பெயர் பச்சமாமா. புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற நமக்கு இதெல்லாம் யாராவது சொல்லித்தர வேண்டுமா? பக்தியோடு நாக்கை நனைத்துக்கொண்டேன்.

பிறகு பாடம் ஆரம்பமானது.

"நம்பர் ஒன்: இந்த சைக்கிள்களில் இடது கை முன் பிரேக், வலது கை பின் பிரேக். முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தால் நீங்கள் சைக்கிளுக்கு முன்னால் போய்விடுவீர்கள்." (நம் ஊர் சைக்கிளில் நேர் எதிர். உருட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன்.)

"நம்பர் டூ: வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தால் ஜல்லியில் சக்கரம் சறுக்கும். பிடித்தபடியே இறங்காதீர்கள், விட்டு விட்டுப் பிடியுங்கள்.

"நம்பர் த்ரீ: பள்ளத்தைப் பார்க்காதீர்கள். கண் எங்கே போகிறதோ, சைக்கிளும் அங்கேதான் போகும்.

"நம்பர் ஃபோர்: சைக்கிளை விட்டு எப்போதும் வலது பக்கம் இறங்குங்கள். இடது பக்கம் இறங்காதீர்கள்!"

மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் வேர்த்தது. முப்பது வருஷப் பழக்கம் ஸார்! கார் நிறுத்துகிற இடத்தில் தனியாகப் போய் இருபது தடவை வலது பக்கம் இறங்கிப் பழகினேன். இடது கையால் வேட்டி கட்டுகிற மாதிரி இருந்தது. கைடு வந்து பார்த்துவிட்டு, 'இன்னும் பத்து' என்றார்.

ஆரம்பத்தில் இருபது கிலோமீட்டருக்கு மேல் நல்ல தார் ரோடு. சும்மா உட்கார்ந்தாலே சைக்கிள் பறக்கிறது. குளிரில் விரல் மரத்துப் போய், பிரேக் பிடிக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை. அப்புறம் பெரிய சாலை ஒரு பக்கம் போக, நாங்கள் மண் பாதைக்குள் திரும்பினோம்.

நின்றோம் (வலது பக்கம் இறங்கினேன்). எட்டிப் பார்த்தோம். பேச்சு நின்றது.

பாதையின் அகலம் சில இடங்களில் மூன்று மீட்டர்தான். நம் டவுன் பஸ்ஸே இரண்டரை மீட்டர் அகலம். மீதி அரை மீட்டரில்தான் டிரைவர் தன் குலதெய்வத்தையும் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். தடுப்புச் சுவர் கிடையாது. வலது பக்கம் நீர் கசியும் பாறை. இடது பக்கம் மேகம். மேகத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை விளிம்பில் நட்டிருக்கும் சிலுவைகள் சொல்கின்றன.

இந்தப் பாதையை வெட்டியவர்களில் பலர் கூலிக்காரர்கள் இல்லை, கைதிகள். 1932 முதல் 1935 வரை பொலிவியாவும் பராகுவேயும் சாக்கோ என்ற வறண்ட காட்டுக்காகச் சண்டை போட்டன. பிடிபட்ட பராகுவே சிப்பாய்களை பொலிவியா இங்கே பாறை உடைக்க விட்டது. சண்டையில் கடைசியில் ஜெயித்தது பராகுவே. பாதை மட்டும் பொலிவியாவுக்கு மிச்சம்.

அப்புறம் எழுபது வருஷம், கீழே யுங்காஸ் பள்ளத்தாக்கில் விளைகிற காபி, ஆரஞ்சு, வாழை, கோக்கா இலை எல்லாம் லா பாஸ் சந்தைக்கு இந்த வழியாகத்தான் ஏறின. மூட்டைகளுக்கு மேலே மனிதர்கள். எதிரும் புதிருமாக லாரிகள். வருஷத்துக்கு 200 முதல் 300 பேர் வரை செத்தார்கள் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 1983 ஜூலை 24-ம் தேதி ஒரே ஒரு பஸ் உருண்டதில் நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் லாரிகள் எப்படித்தான் போய் வந்தன? அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். அதுதான் இந்தப் பாதையின் உயிர்.

பொலிவியா முழுக்க வண்டிகள் வலது பக்கம் போகும். இந்தப் பாதையில் மட்டும், நம் ஊர் மாதிரி, இடது பக்கம். காரணம், அங்கே டிரைவர் உட்காருவது வண்டியின் இடப்பக்கம். இடது ஓரமாக இறங்கினால், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தன் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் எத்தனை விரற்கடை பாக்கி என்று பார்த்துக்கொள்ளலாம். அடுத்தது, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க வேண்டியது இறங்குகிற வண்டிதான். பள்ளத்து ஓரம் அதற்கு. ஏறுகிற வண்டிக்குப் பாறை ஓரம். பாரத்தோடு ஏறுகிறவன் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கஷ்டம். ஆகவே இறங்குகிறவனுக்கு உரிமை கிடையாது, பொறுப்பு மட்டும்தான். (மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நம் ஊர் சாலை விதியிலும் உண்டு. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை பைக்கில் ஒரு கை பார்க்கிற தம்பிகள் கவனிக்க!)

முக்கியமான வளைவுகளில் அந்தக் காலத்தில் மனித சிக்னல்கள்கூட நின்றார்கள். சிவப்பு, பச்சை என்று அட்டையோ கொடியோ காட்டி, 'எதிரே லாரி வருது, நில்லு' என்று சொல்வார்கள். டிரைவர்கள் போடுகிற சில்லறைதான் வருமானம்.

2006-ல் சுரங்கமும் பாலமுமாகப் பக்கத்தில் புது ரோடு வந்தது. லாரி, பஸ் எல்லாம் அதற்குப் போய்விட்டன. இப்போது பழைய பாதையில் பெரும்பாலும் சைக்கிள்கள்தான். அப்படியானால் ஆபத்து தீர்ந்ததா?

தீரவில்லை. சைக்கிள் சவாரி தொழிலாக ஆரம்பித்த 1998-க்குப் பிறகு குறைந்தது 18 சைக்கிள்காரர்கள் இங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். முன்பு எதிரே வருகிற லாரிக்குப் பயந்து மெதுவாகப் போனார்கள். இப்போது எதிரே யாரும் இல்லை. பயமுறுத்த லாரி இல்லாததால், பயப்பட வேண்டிய ஒரே விஷயம் நம்முடைய வேகம்தான். அது கண்ணுக்குத் தெரிவதில்லையே!

எங்கள் கோஷ்டியில் ஐரோப்பிய இளைஞன் ஒருவன். ஹெல்மெட்டில் கேமரா. கைடையே முந்தப் பார்த்தான். இரண்டு தடவை நல்ல வார்த்தை சொன்னார். மூன்றாம் தடவை எல்லோரையும் நிறுத்தி, அவனைக் கடைசி ஆளாக, வேனுக்கு முன்னால் போட்டார். அடுத்த நிறுத்தத்தில் அவன் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று, போட்டோவில் முழு மலையும் விழ வேண்டும் என்று ஓர் அடி பின்னால் வைத்தான். இன்னோர் அடிக்குக் காலைத் தூக்கினான். கைடின் கை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. யாரும் கத்தவில்லை. சின்னக் கல் ஒன்று உருண்டு விழுந்தது. அது கீழே போய்ச் சேர்ந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவன் கேமராவைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டான். என்னைவிட மெதுவாக வந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே இறங்க இறங்க உலகமே மாறுகிறது. பனி போய்ப் பனிமூட்டம், பனிமூட்டம் போய்ப் பச்சைக் காடு. ஓர் இடத்தில் அருவி நேராகப் பாதை மேலேயே விழுகிறது. நனைந்துகொண்டே கடக்க வேண்டும். ஸ்வெட்டரைக் கழற்றினோம், கோட்டைக் கழற்றினோம், யோலோஸாவுக்கு வரும்போது பனியனோடு வேர்த்துக்கொண்டிருந்தோம். காலையில் மார்கழி, மத்தியானம் சித்திரை! பிரேக் பிடித்துப் பிடித்து, டீ டம்ளரைப் பிடிக்க விரல்கள் மறுத்தன.

அங்கே எங்களுக்கு ஆளுக்கொரு டி-ஷர்ட் பரிசாகக் கொடுத்தார்கள். 'மரணப் பாதையில் உயிர் பிழைத்தேன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மார்பை நிமிர்த்திப் போட்டுக்கொண்டோம்.

திரும்பும்போது வேன் புது ரோட்டில் ஏறியது. வழியில் கைடுக்குத் தெரிந்த ஒரு கிழவி கை காட்டினார். வட்டத் தொப்பி, இரட்டைப் பின்னல், ஒரு கூடை ஆரஞ்சு. என் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பழம் கொடுத்தார். என் சட்டையைக் காட்டி, "என்ன எழுதியிருக்கு?" என்று கைடிடம் கேட்டார். அவர் மொழிபெயர்த்தார்.

பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். பழைய பாதையில் லாரியில், ஆரஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து, வாரம் ஒரு தடவை சந்தைக்குப் போனவராம். இருபது வருஷத்துக்கு மேல்.

"ஒரு தடவை இறங்கினதுக்கா சட்டை?" என்றார். "அப்போ எனக்கு ஒரு ஜவுளிக்கடையே கொடுக்கணுமே!"

வேனே சிரித்தது. நான் ஸ்வெட்டரை எடுத்து டி-ஷர்ட்டுக்கு மேல் போட்டுக்கொண்டேன். குளிர ஆரம்பித்துவிட்டது என்பதும் ஒரு காரணம்.