வாயைப் பொத்திச் சிரித்தவன்

பத்து வயதில் பாலவாக்கம் கடற்கரையில் ஓடிப்பிடித்து விளையாடியபோது, படகின் விளிம்பில் மோதி என் முன்பல் உடைந்தது. வேர் இன்னும் முற்றவில்லை என்ற மருத்துவர், உள்ளே எம்.டி.ஏ. என்னும் சிமெண்டை வைத்து அடைத்தார். பல் பிழைத்தது, ஆனால் இரண்டே ஆண்டுகளில் சாம்பல் நிறமாயிற்று. "பல் விளக்குவதில்லையா?" என்று கேட்காதவர் இல்லை. அன்று முதல் வாயைப் பொத்தியே சிரித்தேன்.

வேதியியல் படிக்க வந்த பின்னரே காரணம் விளங்கியது. 1990-களில் அறிமுகமான அந்தச் சிமெண்டில், எக்ஸ்ரே படத்தில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்சைடு சேர்ப்பார்கள். வேரைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் பட்டால் அது கறுக்கும். குற்றம் என் பிரஷ்ஷினுடையதன்று! பிஸ்மத்துக்குப் பதிலாகச் சிர்கோனியம் ஆக்சைடு சேர்த்த சிமெண்டுகளும் இப்போது உண்டு.

சென்ற கோடையில் பல்லின் மேற்பகுதியிலிருந்த சிமெண்டைச் சுரண்டி, சோடியம் பெர்போரேட் வைத்து வெளுக்கச் செய்தார்கள். முழு வெண்மை வரவில்லை, போதும்.

நண்பர்களே, முன்பல்லுக்கு வேர்ச் சிகிச்சை என்றால், "இந்த மருந்தால் பல் கறுக்குமா?" என்று முன்னரே கேளுங்கள். பிறர் பல் கறுத்திருந்தால் காரணம் தெரியாமல் நகைக்காதீர்கள். இம்மலரின் குழுப்படத்தில் வாய்விட்டுச் சிரிப்பவன் நான்தான்.