வேலூர்க் கோட்டையின் தேவாலயமும் பூங்காவும்

வேலூர்க் கோட்டை, கருங்கல் மதிலும் அகழியுமாக நகரின் நடுவில் ஏறத்தாழ 133 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. விஜயநகரப் பேரரசுக்கு அடங்கிய நாயக்கர்கள் 16-ஆம் நூற்றாண்டில் கட்டியது. சின்ன பொம்மி நாயக்கரின் பெயர் இதோடு சேர்த்தே சொல்லப்படும். பிறகு பிஜாப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாபுகள், கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி என்று கைமாறிக்கொண்டே வந்தது. இதன் மதிலுக்குள் ஒரு கோயில், ஒரு மசூதி, ஒரு தேவாலயம் மூன்றும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. கோயிலையும் 1806 சிப்பாய்ப் புரட்சியையும் பற்றி ஊரே பேசும். தேவாலயத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

அது புனித யோவான் தேவாலயம். வேலூர் ராணுவ முகாமுக்காகச் சென்னை அரசாங்கம் 1846-ல் கட்டிக்கொடுத்தது. முறைப்படி பிரதிஷ்டை நடந்ததற்குப் பதிவு இல்லை. நெடுங்காலம் தனிப்பெயர்கூட இல்லாமல் கோட்டைத் தேவாலயம் என்றே வழங்கியது. யோவான் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மிஷனரியின் கனவோ ஊர்மக்களின் காணிக்கையோ இதன் பின்னால் இல்லை; இருப்பது ஓர் அரசாங்க உத்தரவு. பட்டாளம் போய்விட்டது. இன்று இது தென்னிந்தியத் திருச்சபையின் வேலூர் பேராயத்தில் நிலைத்து நிற்கும் தேவாலயங்களுள் மிகப் பழையது. ஒரு சிறிய சபை இன்னும் இங்கே ஆராதனை நடத்துகிறது.

பக்கத்திலுள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கதை வேறு. கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் செதுக்கிய சிற்பிகளின் கைத்திறனுக்கு வட தமிழ்நாட்டில் ஈடு காண்பது கடினம். ஆனால் போர்களுக்கு நடுவே பூசை நின்றுபோனது. கம்பெனிக் காலத்தில் கோயில் ஆயுதக் கிடங்காயிற்று. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் கொண்டுவந்து வைத்த பிறகுதான் மறுபடி மணி ஒலித்தது. அகழி நிரம்பும் பெருமழைக் காலங்களில் கோயிலுக்குள்ளும் தண்ணீர் ஊறி நிற்கும். நவாபு காலத்து மசூதியில் இன்று தொழுகை இல்லை. ஆக, மூன்றில் இளையதும் எளியதுமான தேவாலயத்தில்தான் வழிபாடு பெரிதாக அறுபடாமல் தொடர்ந்திருக்கிறது.

தேவாலயம் எழுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே வளாகத்தில் ரத்தம் ஓடியது. 1799-ல் மைசூர் மன்னர் திப்பு வீழ்ந்ததும் அவர் குடும்பத்தாரைக் கம்பெனி இங்குள்ள மகால்களில் காவலில் வைத்தது. 1805 இறுதியில், நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்று சிப்பாய்களுக்கு உத்தரவு வந்தது. கூடவே தோல் பட்டையோடு கூடிய புதிய தலைப்பாகை. அது பசுத்தோலா பன்றித்தோலா என்ற சந்தேகம் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இரு தரப்பாரையும் ஒன்றாகக் கொதிக்கவைத்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த வட்டாரத்தில் இப்படி ஒரு கலகம் தோலை முன்னிட்டு மூண்டது வரலாற்றின் குறும்புதான்.

1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஐரோப்பியப் படையினர் நூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கோட்டையின் மேல் மைசூர்க் கொடி ஏறியது. சில மணி நேரத்தில் ஆற்காட்டிலிருந்து ஆங்கில அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டார். சிப்பாய்கள் ஏறத்தாழ 350 பேர் மடிந்தார்கள். தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பென்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் கம்பெனி திரும்ப அழைத்துக்கொண்டது. திப்பு குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கோட்டைக்கு எதிரே பழைய ஐரோப்பியக் கல்லறைத் தோட்டத்தில் அன்று இறந்த வெள்ளையர்களுக்கு நினைவிடம் உண்டு. மாண்ட சிப்பாய்களுக்கான நினைவுத்தூண் மக்கான் சந்திப்பில் நிற்கிறது. இரண்டையும் பார்க்காமல் கோட்டை பார்த்ததாகக் கொள்ள முடியாது.

கோட்டைகளைச் சுற்றி வீடோ மரமோ இல்லாத வெட்டவெளி விடுவது பழைய போர்முறை. எதிரி ஒளிந்து நெருங்கக் கூடாது, மதில்மேல் பீரங்கிக்குக் குறி மறையக் கூடாது. நகரம் நெருக்கியடித்து வளர்ந்த பிறகும் வேலூரில் அகழியை ஒட்டி மைதானமும் புல்வெளியும் மிஞ்சியதற்கு அந்த ராணுவ ஒதுக்கலே முக்கியக் காரணமாக இருக்க வேண்டும். அகழிக்கரைப் பூங்காவும் பெரியார் பூங்காவும் இன்று அங்கேதான் இருக்கின்றன. தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள கோட்டைக்குள்ளும் புல்தரையும் மரநிழலும் உண்டு.

விடுமுறை நாள் மாலையில் இங்கே கேட்கும் மொழிகளில் வங்காளம் முக்கியமானது. நடக்கும் தூரத்தில் இருக்கும் சி.எம்.சி. மருத்துவமனை, 1900-ல் ஐடா ஸ்கடர் சிறிதாகத் தொடங்கியது. மேற்கு வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் அங்கே சிகிச்சைக்கு வருவோர் ஏராளம். காந்தி ரோடு பக்கத்து லாட்ஜுகளிலும் மெஸ்களிலும் வங்காளிப் பலகைகளே தொங்கும். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களில் அவர்கள் பக்கத்திலேயே சுற்றிப் பார்க்கும் இடம், இந்தக் கோட்டையும் தேவாலயமும் பூங்காவும்தான். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோரும் லீவு கிடைத்தால் பிள்ளைகளோடு வந்துவிடுகிறார்கள்.

இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1816 முதல் 1832-ல் இறக்கும்வரை இந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தார். அவருடைய சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது; அதன்மேல் தமிழக அரசு 1990-ல் முத்து மண்டபம் கட்டியது.